ஏழு சத்திரம் ஆட்டத்தின் முதல் விதி

கோயமுத்தூர் கணபதியில் இருந்த எங்கள் அச்சகத்தில் 1996ஆம் வருடம் ஒரு விளையாட்டு அச்சானது. பெயர் 'ஏழு சத்திரம்'. ஆயிரம் பெட்டி போட்டோம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே கதை நடத்தும் ஆட்டம். தமிழில் அப்படி ஒன்று அதற்கு முன் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெட்டியின் மேல் முதலாளி செங்கோட்டையனின் அக்கா மகன் மிதுன் பெயர் இருந்தது. ஆட்டத்தை உண்டாக்கியவள் செவ்வந்தி. பெயர் போனதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவளிடமிருந்து போனது வேறு. அதைப் பிடுங்கியதில் என் கையும் இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். நல்லவன் என்று பெயர் வாங்க அல்ல.

செவ்வந்தி கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா சின்னானும் அம்மா பழனியாத்தாளும் அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அவள் பத்தாவது முடித்து, ஈரோட்டில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டு 1992இல் எங்களிடம் வேலைக்கு வந்தாள். வயது இருபத்திரண்டு. நான் அங்கே ஒட்டுவேலை பார்த்தவன். அவள் அடித்து எடுத்துத் தரும் தாள்களைக் கத்தியால் வெட்டி, அளவு பார்த்து ஒட்டி, பிளேட் போடக் கொடுக்க வேண்டும். என் பெயர் ராசப்பன். நானும் செங்கோட்டையன் வகையறாதான். அவர் தோட்டம் உள்ள வகையறா, நான் தோட்டம் இல்லாத வகையறா.

அச்சகத்துக்குச் சோறு போட்டது மோட்டார் பம்பு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும். எங்கள் ஆட்களின் பத்திரிகையில் பெயரோடு ஊரும் கூட்டமும் போடுவார்கள். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள், தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அதனால் புதிதாக ஒருவரைப் பார்த்தால் 'எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க' என்ற கேள்வி வாயில் தானாக வந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டால்தான் மாமன், மச்சான், பங்காளி என்று முறை வைத்துப் பேச முடியும். இப்படிக் கேட்பது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியது கிடையாது.

செவ்வந்திக்கு எல்லாக் கூட்டமும் மனப்பாடம். ஒரு முறை பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே கூட்டம் எழுதி வந்த கைப்பிரதியைக் கண்டுபிடித்து, அச்சுக்குப் போகாமல் நிறுத்திவிட்டாள். எங்களைவிட அம்மணிக்குத்தான் எங்கள் கூட்டம் தெரிகிறது என்று செங்கோட்டையன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கேள்வியை அவளிடமே கேட்ட வாடிக்கையாளர்களும் உண்டு. அவள் ஊரைச் சொல்லி, காலனி என்பதையும் சொல்வாள். 'சரிங்க அம்மணி' என்று மரியாதை குறையாமலே பேச்சை நிறுத்திக்கொண்டு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊர் மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசும்போது எனக்கு இப்போதெல்லாம் அந்த நாற்காலிதான் ஞாபகம் வருகிறது.

மிதுன் அமெரிக்காவில் எம்.எஸ். படித்துவிட்டு 1994இல் திரும்பி வந்தான். மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவன் கொண்டுவந்தது வேடம் எடுத்து ஆடும் ஆட்டப் புத்தகங்களும் இருபது முகமுள்ள பகடைகளும். கூட ஆட ஆள் இல்லை. அப்போது கணபதியில் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். மெஷின் நிற்கும், நாங்கள் சும்மா இருப்போம். முதலாளியின் அக்கா மகன் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நானும் செவ்வந்தியும் ஆப்செட் மெஷின் ஓட்டும் சீனிவாசலுவும் போய் உட்கார்ந்தோம். குகை, கோட்டை, பூதம் என்று அவன் பாதி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனான். சீனிவாசலு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

ஆட்டத்தைவிட அது பிறந்த கதையைச் சொல்வதில்தான் மிதுனுக்கு ஆசை. இவன் படித்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு சின்ன ஊராம். பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர், படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மனிதனாக ஆடிப் பார்த்தார்களாம். அதைப் போட எந்தக் கம்பெனியும் முன்வராததால், 1974இல் ஆயிரம் பெட்டியை வீட்டிலேயே வைத்துக் கையால் அடுக்கி விற்றார்களாம். பத்து வருடத்தில் உலகம் பூராவும் ஆடியதாம். அவர்களில் ஒருவர் அந்தச் சமயத்தில் வீட்டு நிலவறையில் செருப்புப் பழுது பார்த்துப் பிழைத்தவர் என்றான். அதை அவன் ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் சொன்னான்.

செவ்வந்தி அதுவரை வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"செருப்புத் தைக்கறவரு எழுதுனதைங்களா எல்லாரும் ஆடுனாங்க?"

ஆமாம், அதனால் என்ன என்றான் மிதுன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும் சீனிவாசலுவுக்கும் புரிந்தது. நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அவளைப் பிடித்துக்கொண்ட இன்னொன்று, ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டிய தாள். நான் யார், எனக்கு என்ன தெரியும், என்னிடம் என்ன இருக்கிறது என்று நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதியதுதான் நாம். இதை யாரும் மாற்ற முடியாதா என்று அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஆனால் மிதுனின் தாளில் 'இனம்' என்று ஒரு வரி இருந்தது. குள்ளன், நீளக் காதுக்காரன் என்று அதில் எழுத வேண்டும். அங்கேயும் இது உண்டா என்று கேட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஒரு வருடம் கரண்ட் போன மதியங்களில் எல்லாம் பம்பு லேபிளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். அப்படி உண்டானதுதான் ஏழு சத்திரம். யாரோ நாலு வழிப்போக்கர்கள் ஆற்றோரமாக நடந்து போகிறார்கள். வழியில் ஏழு சத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இரவு, ஒரு இக்கட்டு. ஒருவர் சத்திரக்காரராக இருந்து என்ன நடக்கிறது என்று சொல்ல, மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். இருபது முகப் பகடைக்கு இங்கே எங்கே போவது? ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் சிமென்ட் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டினோம். எத்தனை வெள்ளை விழுகிறதோ அதுதான் கணக்கு. தாளில் பெயர், வயது, தெரிந்த வேலை, உடம்பு வலு, கையில் இருப்பது, பயம் என்று ஆறு வரிகள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் முதல் விதி: 'சத்திரத்துக்கு வந்தவரை எங்கிருந்து வந்தீர், யாருடைய ஆள் என்று கேட்கக் கூடாது. கேட்டவர் ஒரு சுற்று வெளியே இருக்க வேண்டும்.'

நாங்கள் ஆடினோம். நான் வைத்தியன், மிதுன் கழுதைக்காரன், சீனிவாசலு படையை விட்டு ஓடிவந்த சிப்பாய். செவ்வந்திதான் எப்போதும் சத்திரக்காரி. அச்சகத்தில் தலையைக் குனிந்து பேசுகிறவள் அந்த மேசையில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். மூன்றாவது சத்திரத்தில் ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்த்தேன், கொட்டை ஆறும் கறுப்பாக விழுந்தது. குழந்தை போய்விட்டது என்றாள். சீனிவாசலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுநாள் வேலைக்கு வரும் வழியெல்லாம் அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு வந்தேன். ஐம்பது வயதில் எனக்கு அப்படி ஒரு மதியம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளுக்கு அதற்காக நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் செங்கோட்டையன் என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர், எனக்கும் ஒரு தாள் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். உப்பு வியாபாரி வேடம் எடுத்தார். சத்திரத்துக்குள் நுழைந்ததும் எதிரே சிப்பாயாக இருந்த சீனிவாசலுவைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர், எந்தக் கூட்டம் என்பதுதான். வம்புக்குக் கேட்கவில்லை. நாற்பது வருடமாக யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மிதுன் சிரித்தான். எல்லோரும் செவ்வந்தியைப் பார்த்தோம். அவள் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, நீங்க ஒரு சுற்று வெளியில இருக்கோணுமுங்க."

சொல்லிவிட்டாள். செங்கோட்டையனும் சிரித்தார். விதின்னா விதிதானுங்க அம்மணி என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வாசலில் போய் நின்றுகொண்டார். நாங்கள் உள்ளே ஒரு சுற்று ஆடி முடித்தோம். அவர் திரும்பி வந்து உட்காரவில்லை. கரண்ட் வந்ததும் எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த மேசைப் பக்கம் வரவேயில்லை.

ஆனால் மிதுன் விடவில்லை. அமெரிக்காவில் ஆயிரம் பெட்டியில்தான் தொடங்கினார்கள், நாமும் ஆயிரம் போடுவோம் என்று மாமனை அரித்து எடுத்துச் சம்மதம் வாங்கினான். செவ்வந்தியே புத்தகத்தை அடித்தாள், நான் ஒட்டினேன். அவள் அம்மா ஆடிப் பெருக்குக்கு வரச்சொல்லி ஆள் விட்டிருந்ததால், வேலையை முடித்து என்னிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று நாள் லீவில் கொடுமுடிக்குப் போனாள். முதல் பக்கத்தை மட்டும் எனக்கு இரண்டு தடவை காட்டிவிட்டுப் போனாள். அதில் ஒரு புள்ளி மாறக் கூடாது என்றாள். ஆகட்டும் என்றேன்.

அவள் போன மறுநாள் காலையில் செங்கோட்டையன் என்னைக் கூப்பிட்டார். மிதுனும் பக்கத்தில் நின்றான். முதல் விதியை எடுத்துவிட வேண்டும், தாளில் பெயருக்குக் கீழே ஊர், கூட்டம் என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றார்.

"ஆளு யாருன்னு தெரியாம எப்படீங்க ராசப்பா பேசறது? நாளைக்கு நம்ம ஊட்டுப் புள்ளைகதான இதைய ஆடப்போகுது."

மிதுன், அமெரிக்கத் தாளிலும் இனம் என்று ஒரு வரி இருக்கிறதே, ஊருக்குத் தகுந்த மாதிரி செய்தால்தான் விற்கும் என்றான். மறுத்துப் பேச எனக்கு வாய் இருந்தது. வேலையை விட்டுத் துரத்தியிருப்பாரோ என்றால், அதுவும் இல்லை, அவ்வளவு கெட்டவர் இல்லை அவர். அந்த வரியில் எழுத எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதனால் எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவுதான். முதல் விதியைக் கத்தியால் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டு, இரண்டாவது விதியை மேலே ஏற்றி ஒட்டினேன். எழுத்து அடிக்க ஆள் இல்லாததால், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் தாளிலிருந்து 'ஊர்', 'கூட்டம்' என்ற சொற்களை வெட்டிக் கோடு போட்டு ஒட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

செவ்வந்தி திரும்பி வந்தபோது அச்சான தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். புத்தகத்தின் முதல் பக்கத்தையும் பார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்து அந்தத் தாளை வைத்தாள்.

"அண்ணா, இது நான் பத்திரிகைக்கு அடிச்ச எழுத்துங்களா?"

ஆமாம் என்றேன். அவள் நேராக முதலாளியிடம் போனாள். கதவு திறந்துதான் இருந்தது, நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் கோபப்படவில்லை, குரல் உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"ஏன் கண்ணு, வெளையாட்டுத்தான? அந்த வரியில நீ எதை வேணும்னாலும் எழுதிக்க. எங்க கூட்டத்தையே எழுதிக்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எழுதறதுக்குக் கேக்கலைங்க ஐயா. அந்தக் கேள்வி இல்லாத ஒரு எடம் வேணுமின்னுதானுங்க இதைய செஞ்சேன்."

அச்சாகிவிட்டதே அம்மணி, இனி என்ன செய்வது என்றார் அவர். கருணையோடுதான் சொன்னார். அவள் அதற்குப் பிறகும் நம்பிக்கையை விடவில்லை. மிதுனிடம் போய், ஆட்டத்தை அறிமுகப்படுத்தும் நாளில் தானே சத்திரக்காரியாக இருப்பதாகவும், அந்த இரண்டு வரிகளைக் காலியாக விடச் சொல்லிவிடுவதாகவும் கேட்டுக்கொண்டாள். காலியாக விடும் பழக்கம் ஒரு முறை வந்துவிட்டால் போதும், தாளில் இருந்தாலும் அது செத்த வரிதான் என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் அவள் பேசியதே பெரிது.

ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் அறிமுகம் நடந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் செங்கோட்டையனின் சொந்தக்காரர்கள், அவர் மகள் லோகப்பிரியாவும் வந்திருந்தாள். செவ்வந்தி புதுச் சேலை கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். தாளைக் கொடுத்துவிட்டு, ஊரும் கூட்டமும் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று தெளிவாகச் சொன்னாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுதிவிட்டார்கள். 'தெரிந்த வேலை' என்றால் யோசிக்க வேண்டும், 'பயம்' என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். யோசிக்காமல் எழுதக்கூடியது அந்த இரண்டு வரிதான். எழுதியதும் அடுத்தவன் தாளை எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் இன்னொருவனைப் பங்காளி என்று கட்டிப்பிடித்தான். ஒரு பெண்ணைக் காட்டி உனக்கு முறைதான்டா என்று ஒருவனைக் கேலி செய்தார்கள். பெரியவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, உங்கள் பாட்டி எந்த ஊர் என்று கேட்கத் தொடங்கினார்கள். முதல் சத்திரத்தின் கதவு தட்டப்படவே இல்லை. செவ்வந்தி இரண்டு மூன்று தடவை குரல் கொடுத்துப் பார்த்தாள். அப்போது லோகப்பிரியா, பாவம், விவரம் தெரியாத பிள்ளை, பாசத்தோடுதான் கேட்டாள்.

"அக்கா, சத்திரக்காரிக்குத் தாள் இல்லீங்களா? நீங்க எந்தக் கூட்டமுங்க்கா?"

செவ்வந்தி சட்டென்று முதல் விதியைச் சொன்னாள். கேட்டவர் ஒரு சுற்று வெளியே இருக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி இதில் ஒன்றும் இல்லையே என்றாள். அப்போதுதான் செங்கோட்டையன் செவ்வந்தியைக் காப்பாற்ற வந்தார். அது எதற்கு கண்ணு, அக்கா வேற ஆளுங்க என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா தன் மகன் நாற்காலியைத் தொட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரச்சொன்னாள்.

செவ்வந்தி எழுந்து, மிதுன் சார் நடத்துவார் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இரண்டாவது வரிசையில்தான் இருந்தேன், எழுந்து அவள் பின்னால் போகவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தாள். இரண்டு மாதம் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லேபிள் டிசைன் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

பெட்டிகள் போணியாகவில்லை. 1997இல் மிதுன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அமெரிக்காவில் அந்தப் பெரிய கம்பெனியே நொடித்துப்போய், கடைகளிலிருந்து புத்தகங்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்து, சீட்டு விளையாட்டு போடும் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டதாம். அவர்களாலேயே முடியவில்லை, நாம் எம்மாத்திரம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான். தன் ஆட்டம் ஏன் செத்தது என்று அவன் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டிகளை எடைக்குப் போட்டோம். ஆடுகிறவர்கள் நிரப்பும் தாள்கள் மட்டும் வீணாகவில்லை. காந்திபுரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்தும் கருப்பாத்தாள் என்கிற அம்மாள் ரசீதுப் புத்தகம் அடிக்க வந்தபோது அந்தத் தாளைப் பார்த்தார். பெயர், ஊர், கூட்டம், வயது, தெரிந்த வேலை, கையில் இருப்பது. நமக்கு அப்படியே ஆகுமே என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். 'பயம்' என்ற வரியில் செவ்வாய் தோஷம் உண்டா இல்லையா என்று எழுதிக்கொண்டார்களாம். தீர்ந்ததும் மறுபடி அடிக்கக் கொடுத்தார். நாலு தடவை அடித்தோம்.

1999இல் என் மகளுக்கு மாப்பிள்ளை தேடி நானும் அந்த மையத்துக்குத்தான் போனேன். தாளைக் கொடுத்தார்கள். நான் வெட்டி ஒட்டிய அதே இரண்டு சொற்கள். நிரப்பிக் கொடுத்தேன். நல்ல இடம் அமைந்தது.

பத்திரிகை கொடுக்கக் கிளம்பிய ஒரு நாள், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த செவ்வந்தியைப் பார்த்தேன். அவளே என்னைப் பார்த்துவிட்டு வந்து நலம் விசாரித்தாள். மகளுக்குக் கல்யாணம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. மாப்பிள்ளை எப்படி அமைந்தார் என்று கேட்டாள். தகவல் மையத்தில் பதிந்திருந்தேன் என்றேன். தாள் அங்கே போன கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"அந்தத் தாள்லதானுங்களா அண்ணா?"

"ஆமாம்மா."

நல்லபடியாக நடக்கட்டும் என்றாள். பஸ் வந்தது, வாரனுங்க என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்ப ஐந்து நிமிடமாவது ஆனது. என் பையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. மண்டபத்தில் அவள் வந்து உட்கார்ந்தால், யாராவது அவளிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். கேட்டால் நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவள் என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.